சத்தம் எந்த அறைக்குப் போனது

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. என் கோளாறுக்கு மருந்து தேடிப் போன இடத்தில் இது கிடந்தது.

என்னிடம் இருப்பது ஒரு பழைய லேப்டாப். அதில் எல்லாரும் வைத்திருக்கிற விண்டோஸ் இல்லை, லினக்ஸ். யாரோடாவது பேச உட்கார்ந்தால் என் குரல் அவர்களுக்குப் போகும், அவர்கள் குரல் எனக்கு வராது. சில நாட்களில் தலைகீழாக நடக்கும். இதற்கென்றே இணையத்தில் உதவிக் குழுக்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றில் ஒருவர் கேட்டிருந்தார்: "அழைப்பின்போது ஹெட்போனில் சத்தம் வரவில்லை. படம் தெரிகிறது. மைக் வேலை செய்கிறது. என்ன செய்யலாம்?" கீழே நல்ல உள்ளங்கள் வரிசை கட்டி வந்து, இந்தக் கட்டளையைப் போடு, அந்தக் கோப்பைத் திற, அதை நிறுத்திவிட்டு இதைத் தொடங்கு என்று ஆளுக்கொன்று சொல்லியிருந்தார்கள். கேட்டவர் ஒருவருக்கும் பதில் எழுதவில்லை. கடைசியில் ஒரே வரி: "சத்தம் அம்மாவின் அறைக்குப் போயிருக்கிறது. உதவிக்கு நன்றி." அத்தோடு ஆள் அம்பேல்.

என் கோளாறு இன்றுவரை தீரவில்லை. அந்த வரி மட்டும் மண்டைக்குள் புகுந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. அம்மாவின் அறைக்குப் போனது எது? யாருடைய குரல்? அம்மா என்ன செய்தாள்? கேட்கலாமென்றால் அவர் அந்தப் பக்கமே வருவதில்லை. வேறு வழியில்லாமல் எழுதத் தொடங்கினேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசையின் மேல்"

(போதும். ஜன்னல் வழியாக வெயிலை வரவழைக்காமல் எனக்கு ஒரு கதையும் தொடங்கத் தெரிவதில்லை. இந்த முறை வெயிலுக்கு விடுமுறை.)

இரண்டாவது: "இந்தக் காலத்தில் யாரும் யாரையும் காது கொடுத்துக் கேட்பதில்லை என்று அவன் நினைத்துக்கொண்டபோது,"

(இது கதையா, மேடைப் பேச்சா? அவன் அப்படியெல்லாம் நினைக்கிற ஆளும் இல்லை.)

மூன்றாவது: "அண்ணன் தலையாட்டினான்."

இது நிற்கட்டும். இந்தக் கதையில் நடக்கிற எல்லாக் குளறுபடிக்கும் அந்தத் தலையாட்டல்தான் காரணம். ஆனால் ஏன் ஆட்டினான் என்று சொல்ல, நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

3

அண்ணனுக்குக் கட்டடங்களுக்குக் குழாய்ப் படம் வரைகிற வேலை. எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓட வேண்டும், கழிவுநீர் எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்தே வரைந்து அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவான். [தண்ணீர் போகிற வழியெல்லாம் தெரிந்தவனுக்குச் சத்தம் போன வழி தெரியவில்லை என்று இங்கே ஒரு வரி எழுதினேன். ரொம்ப அழகாக இருந்ததால் சந்தேகப்பட்டு அடித்தேன். அடித்தும் நிற்கிறது பாருங்கள்.]

தங்கை வேறொரு நாட்டில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அம்மா அண்ணனோடு இருக்கிறாள். அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வு சரியாகத் திறப்பதில்லை. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது. ஆப்பரேஷன் செய்யலாம் என்கிறார் இங்குள்ள டாக்டர். செய்வதா வேண்டாமா என்று வீட்டார் சொல்ல வேண்டும். சோதனை முடிவுகளையெல்லாம் தங்கைக்கு அனுப்பியாயிற்று. அவள் தன் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டு, மதியம் கூப்பிட்டு விவரம் சொல்வதாக ஏற்பாடு.

"ஹெட்போன் போட்டுக்கோண்ணா. அம்மா காதுல விழக்கூடாது" என்று முன்கூட்டியே செய்தி அனுப்பியிருந்தாள்.

அண்ணன் தன் அறைக் கதவைச் சாத்தினான். காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்போனை எடுத்து மாட்டினான். அதை மாட்டிவிட்டால் பக்கத்தில் பானை உடைந்தாலும் தெரியாது.

4

அழைப்பு வந்தது. தங்கையின் முகம் தெரிந்தது. உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

"ஹலோ" என்றான் அண்ணன். அது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். தலையசைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

இங்கேதான் எனக்கும் அண்ணனுக்கும் சண்டை. புத்தியுள்ள எவனும் என்ன சொல்வான்? "எனக்குக் கேக்கலை, கொஞ்சம் இரு" என்பான். நானும் அப்படித்தான் எழுதிப் பார்த்தேன். எழுதினால் கதை அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. கதைக்காக ஒருவனை முட்டாளாக்குவது நியாயமா என்று அவனை இரண்டு நாள் மேசையில் அப்படியே போட்டு வைத்தேன். பிறகுதான் பழைய அழைப்புகள் ஞாபகத்துக்கு வந்தன. (என் ஞாபகமா, அவன் ஞாபகமா என்று கேட்காதீர்கள்.) தங்கை கூப்பிடும்போதெல்லாம் பாதி நேரம் "கேக்குதா, இப்ப கேக்குதா" என்பதிலேயே போய்விடும். "அந்தப் பொட்டியத் தூக்கிக் குப்பையில போடுண்ணா. ஊர்ல எல்லாரும் வெச்சிருக்கற மாதிரி ஒண்ணு வாங்கித் தொலையேன்" என்பாள். போன வாரம்தான் இவன் மார்தட்டியிருந்தான்: "எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன். இனிமே பிரச்சினையே வராது பாரு."

அதனால் வாய் வரவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் சரிசெய்துவிடலாம், அதுவரை ஒப்புக்குத் தலையாட்டி வைப்போம் என்று நினைத்தான். அண்ணன் தலையாட்டினான்.

அழைப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒலி அமைப்புகளைத் திறந்தான். ஹெட்போனைப் பிடுங்கிச் செருகினான். ஒன்றும் ஆகவில்லை. ஒலியளவைப் பார்த்தான், முழுசாகத்தான் இருந்தது. அழைப்புக்கு நேராக ஒரு பச்சைக் கோடு, தங்கையின் உதடு அசையும்போதெல்லாம் துள்ளியது. அப்படியானால் குரல் லேப்டாப்புக்குள் வருகிறது. வந்து எங்கேயோ போகிறது. எங்கே? பட்டியலில் லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர், மானிட்டர், ஹெட்போன், அதற்கும் கீழே எழுத்தும் எண்ணுமாக ஒரு வாயில் நுழையாத பெயர். அதற்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஏதோ உள் விவகாரம் என்று விட்டுவிட்டான்.

ஓரக்கண்ணால் பார்த்தால் தங்கையின் கண் கலங்கியிருந்தது. "ம்" என்றான்.

சோதனைப் பொத்தானை அழுத்தினான். அதை அழுத்தினால் பதிவு செய்துவைத்த ஒரு பெண் குரல் இங்கிலீஷில் முன்பக்கம் இடது, முன்பக்கம் வலது என்று சொல்லும். அதுவும் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினான். இப்போது தங்கை நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். அழுகிறவளை நிறுத்தி, "முதல்லேர்ந்து சொல்லு" என்று எப்படிக் கேட்பது? ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கலாம். இப்போது சொன்னால் இவ்வளவு நேரம் ஆட்டிய தலைக்கு என்ன பதில்? அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவள் பேச்சை நிறுத்தினாள். கேமராவை நேராகப் பார்த்தாள். ஏதோ கேட்டிருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது, ஏனென்றால் காத்திருந்தாள்.

"சரி" என்றான் அண்ணன்.

அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பயந்துபோய் அவன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். கறுப்புத் திரையைத் திறந்து, ஒலியைப் பார்த்துக்கொள்கிற சேவையையே மொத்தமாக நிறுத்தி மறுபடி தொடங்குகிற கட்டளையைத் தட்டினான். ஹெட்போனில் ஒரு சொடுக்கு. அதன் பின்னால் தங்கையின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் தெளிவாக வந்தது:

"அப்ப அம்மாகிட்ட நீயே சொல்லிடுண்ணா. என்னால முடியாது. ட்யூட்டிக்கு நேரமாச்சு, வெச்சுடறேன்."

5

(நீக்கிவிட்டேன். அண்ணன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து நீளமாக யோசிக்கிற பகுதி. யாரும் அப்படி யோசிப்பதில்லை.)

6

தங்கையைத் திரும்பக் கூப்பிட்டான். ட்யூட்டியில் போனை அலமாரியில் பூட்டிவிடுவார்கள். மணி அடித்து ஓய்ந்தது. அம்மாவிடம் எதையோ சொல்லப்போவதாக ஒப்புக்கொண்டாயிற்று. அது என்ன என்று தெரியவில்லை. நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? அழுதாளே. ஆனால் தங்கை சந்தோஷத்திலும் அழுகிற ஜாதி. நாளைக்கு மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், இன்றைக்குப் பூசி மெழுகிவிடலாம் என்று அம்மாவின் அறைக்குப் போனான்.

அம்மா கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தங்கச்சி கூப்பிட்டாளா?"

"ஆமாம்மா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் பேசினா."

"ஓ."

அம்மா போர்வையின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"நடுவுல ஒரு இங்கிலீஷ்காரி வந்து லெஃப்ட்டு, ரைட்டுன்னு சொல்லிட்டே இருந்தாளே, அவ யாருடா?"

அண்ணன் திருதிருவென விழித்தான். அம்மாவின் தலைமாட்டில், மருந்து டப்பாக்களுக்குப் பக்கத்தில், அவன் வாங்கிக் கொடுத்த கைப்பிடி அளவு ப்ளூடூத் ஸ்பீக்கர் இருந்தது.

* தொழில்நுட்பம் தெரிந்த வாசகருக்கு ஒரு குறிப்பு. மற்றவர்கள் தாண்டிப் போகலாம். அந்த ஸ்பீக்கரை வாங்கிய அன்று, வேலை செய்கிறதா என்று பார்க்க அவன் முதலில் இணைத்தது தன் லேப்டாப்போடு. பிறகுதான் அம்மாவின் போனோடு. ஸ்பீக்கர் இரண்டையும் நினைவில் வைத்திருந்தது. அம்மா பாட்டுக் கேட்க அதை முடுக்கியபோது, அது போனை விட்டுவிட்டு லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டது. லேப்டாப்பும், புதிதாக வந்த விருந்தாளிக்கு முதல் மரியாதை என்று எல்லாச் சத்தத்தையும் அங்கே திருப்பிவிட்டது. அந்த வாயில் நுழையாத பெயர் இதுதான். சேவையை நிறுத்தித் தொடங்கியபோது ஸ்பீக்கரின் பிடி விட்டுப்போய், குரல் ஹெட்போனுக்குத் திரும்பியது. சோதனைப் பொத்தானை ஹெட்போனைத் தேர்ந்தெடுத்து அழுத்தியிருக்கக் கூடாதா என்பீர்கள். கூடும். பதற்றத்தில் இருப்பவனிடம் போய்ச் சொல்லுங்கள்.

7

"நீ எல்லாத்தையும் கேட்டியாம்மா?"

"பாட்டு வரும்னு போட்டேன். உன் தங்கச்சி வந்தா. எங்கிட்டத்தான் பேசறான்னு முதல்ல நினைச்சேன். அண்ணா அண்ணாங்கறா. அப்புறம்தான் புரிஞ்சது." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தித் தொடர்ந்தாள். "ஆப்பரேஷன் வேண்டாம்னு விட்டுடலாமான்னு கேட்டா. அம்மாகிட்ட பொய் சொல்லிடலாமான்னு கேட்டா. நீ என்ன சொல்லப்போறேன்னு காதைத் தீட்டிக்கிட்டுக் காத்திருந்தேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் 'சரி'ன்னே. என் காதுல விழுந்துச்சு."

அண்ணனுக்கு அப்போதுதான் தன் 'சரி' எதற்குச் சொல்லப்பட்டது என்று தெரிந்தது. தங்கை அவ்வளவு அழுததன் காரணமும், அம்மா போர்வையை நீவிக்கொண்டிருந்ததன் காரணமும் ஒன்றாகச் சேர்ந்து அவன்மேல் விழுந்தன.

"அம்மா, எனக்கு எதுவுமே கேக்கலைம்மா. சத்தியமா. சத்தம் உன் ரூமுக்கு வந்துடுச்சு. நான் சும்மா தலையாட்டினேன்."

"கேக்காமலேயா சரின்னே?"

"ஆமா."

"யாராவது அப்படிச் சொல்லுவாங்களாடா?"

இந்தக் கேள்வியை நான் நாலாவது பகுதியிலேயே அவனிடம் கேட்டுவிட்டேன். அம்மா எனக்கு ஒத்தாசையாக வந்ததில் சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம் வரவில்லை. அவன் சொல்வது முழு உண்மை. உலகத்தில் எந்தப் பொய்யும் இவ்வளவு கேவலமாக இருக்காது.

"எனக்கு ஆப்பரேஷன் வேணும்னு நான் சொல்லலை" என்றாள் அம்மா. "அவ சொன்னதுல நியாயம் இருக்கு, இல்லாமயும் இருக்கு. அது வேற. ஒரு கேள்வி கூடக் கேக்கலையேடா. செருப்பு வாங்கப் போனாலே கடைக்காரனை நாலு கேள்வி கேட்டு உயிரை எடுப்பியே. என் விஷயத்துல ம், ம், சரி. அவ்வளவுதானா?"

அம்மாவுக்கு வலித்தது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவளுக்கு ரொம்ப வலித்தது.

8

முடிவுகள். சிலவற்றை எழுதினேன், ஒன்றும் தேறவில்லை.

(அ) அவன் லேப்டாப்பைக் கொண்டுவந்து, பச்சைக் கோட்டையும் பெயர்ப் பட்டியலையும் காட்டி விளக்குகிறான். அம்மா நம்பிவிடுகிறாள். [ப்ளூடூத்தைப் புரிந்துகொண்டு பிள்ளையை மன்னிக்கிற அம்மாவை நான் பார்த்ததில்லை.]

(ஆ) "ஆமாம்மா, எல்லாம் கேட்டுத்தான் சரின்னேன். உன்னைக் கஷ்டப்படுத்த மனசு வரலை" என்று அவன் பொய் சொல்கிறான். இதை அம்மா உடனே நம்பிவிடுகிறாள். பயங்கரம் என்னவென்றால், கதை இதில் ஒழுங்காக முடிகிறது. மென்று விழுங்கிக்கொண்டு இதையே வைத்துவிடலாமா என்று ஒரு வாரம் இருந்தேன். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. செய்யாத தப்புக்குக் காரணம் சொல்லமாட்டானாம்.

(இ) இரவோடு இரவாக அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய்

(வேண்டாம். எனக்கு முடிவு கிடைக்கவில்லை என்பதற்காக அவளைச் சாகடிக்க மாட்டேன்.)

நான் இப்படிப் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தபோது அம்மாவே ஒரு வழி சொன்னாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

"நாளைக்கு அவளைக் கூப்பிடு. இந்த ரூமுக்கே பொட்டியக் கொண்டா. சத்தம் இந்த ஸ்பீக்கர்லயே வரட்டும். நேத்து ஒண்ணும் கேக்கலைன்னு சொல்லு. முதல்லேர்ந்து எல்லாத்தையும் அவ சொல்லட்டும். நான் இருக்கேன்னு சொல்லாதே. நீ கேளு. நீ கேக்கறதை நான் பாக்கறேன்."

இது தங்கைக்கு வைக்கிற பொறி, எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணனுக்கும் பிடிக்கவில்லை. எங்கள் இருவரின் பேச்சையும் அம்மா கேட்பதாயில்லை.

9

மறுநாள் லேப்டாப் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் இருந்தது. அண்ணன் அதன் முன்னால். அம்மா திரைக்குப் பின்னால், அவன் முகத்துக்கு எதிரே. பட்டியலில் வாயில் நுழையாத பெயரை அவனே தேடிப் பிடித்து அழுத்தினான்.

"நேத்து எனக்கு ஒண்ணும் கேக்கலை" என்றான். "முதல்லேர்ந்து சொல்லு."

தங்கை கேமராவுக்கு நெருங்கி வந்தாள். "விளையாடறியா? தலையாட்டினியே. சரின்னியே."

"சும்மா ஆட்டினேன். சரி பண்ணிடலாம்னு பாத்தேன்."

"அறிவு இருக்காண்ணா உனக்கு?" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ராத்திரி பூரா நான் எப்படி இருந்தேன் தெரியுமா? என்னடா இவன், ஒரு வார்த்தை கேக்காம ஒத்துக்கிட்டான்னு. எனக்கே மனசு ஆறலை."

அம்மா அசையவில்லை. தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆரம்பித்தாள். நானும் நீங்களும் அண்ணனும் இதை முதல்முறையாகக் கேட்கிறோம். அம்மா இரண்டாம் முறை.

"எங்க டாக்டர் பாத்தார். வால்வு மட்டும்னா செய்யலாமாம். அம்மாவுக்கு சுகர், கிட்னியும் சரியில்ல. மேசையிலேர்ந்து எழுந்தாலே பெரிசுன்னார். எழுந்தாலும் எப்படி எழுந்திருப்பாங்க? நான் தினம் பாக்கறேண்ணா. டியூபும் மெஷினுமா, பேசக்கூட முடியாம, மாசக்கணக்கா. அம்மாவை அப்படி என்னால நினைச்சுக்கூடப் பாக்க முடியலை. மருந்துலயே வெச்சுப் பாத்துக்கிட்டா, எவ்வளவு நாள்னு சொல்ல முடியாது, ஆனா வீட்ல இருப்பாங்க. பாட்டுக் கேப்பாங்க. உன்னைத் திட்டுவாங்க. வேண்டாம்னு சொல்லிடுவோமா? அம்மாகிட்ட, இப்போதைக்கு ஆப்பரேஷன் தேவையில்லையாம், மருந்தே போதுமாம்னு சொல்லிடலாம். பொய்தான். தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்கண்ணா. என்ன சொல்றே?"

ஒரு எழுத்து விடாமல் கேட்டது. ஸ்பீக்கரில் இரைச்சல்கூட இல்லை.

அண்ணன் திரைக்கு மேலாக அம்மாவைப் பார்த்தான். நீயே சொல்லேன் என்று கண்ணால் கெஞ்சினான். அம்மா தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்துவிட்டு, விரலை அவன் பக்கம் நீட்டினாள். தங்கை கேட்டது அவனைத்தான்.

இனி நான் அவனைப் பேசவைக்க வேண்டும். முதலில் எழுதிப் பார்த்ததில் "கூடவே கூடாது" என்று கத்தினான். அது அம்மாவுக்காகப் போட்ட வேஷம்போல இருந்தது. இரண்டாவதில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டான்: வேறு டாக்டரைப் பார்க்கலாமா, நெஞ்சைப் பிளக்காமல் செய்கிற வழி உண்டா, மூச்சு முட்டினால் வீட்டில் என்ன செய்வது? நல்ல கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் தங்கையிடம் பதில் இருந்தது; அவளுக்குத் தெரியாததா? கேள்விகள் தீர்ந்ததும் அவன் வந்து நின்ற இடம் அதே "சரி"தான். மூன்றாவதையும் நான்காவதையும் எழுதினேன். எப்படி வளைத்தாலும் அங்கேயேதான் போய் நிற்கிறான். தங்கை சொல்வது உண்மை என்பது அவனுக்குத் தெரிகிறது, எனக்கும் தெரிகிறது, திரைக்குப் பின்னால் இருப்பவளுக்கும் நேற்றிலிருந்து தெரியும்.

ஆக, சொல்லை மாற்ற என்னால் முடியவில்லை. அந்தச் சொல்லுக்கு முன்னால் அவன் எவ்வளவு நேரம் தடுமாறினால் அம்மாவுக்குப் போதும் என்பதுதான் பாக்கி. எத்தனை கேள்வி? எவ்வளவு அழுகை? ரொம்ப நேரம் எடுத்தால் நடிப்பு, சீக்கிரம் சொன்னால் நேற்றைய அதே தலையாட்டல். நான் யார் வீட்டிலும் இப்படி உட்கார்ந்து பதில் சொன்னதில்லை. உங்களில் யாராவது சொல்லியிருப்பீர்கள். பெற்றவளை எதிரில் வைத்துக்கொண்டு, அவள் விஷயத்துக்கு.

அப்படியானால் இந்த வரிக்குக் கீழே நீங்கள் எழுதுங்கள். அண்ணன் வாயைத் திறந்துவிட்டான், அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.